87 சில்வியா: நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த சிறுகோளும் அதன் இரண்டு நிலாக்களும்

இரண்டு நிலாக்கள் சுற்றிவரும் சிறுகோள் என்று முதன்முதலில் உறுதியானது 87 சில்வியா (பெயருக்கு முன்னால் வரும் எண் சிறுகோள் பட்டியலில் அதன் வரிசை எண்). அறிவிப்பு வந்தது 2005 ஆகஸ்டில். ஆனால் சில்வியாவை முதலில் பார்த்தது அதற்கு 139 ஆண்டுகளுக்கு முன்பு, நம்ம நுங்கம்பாக்கத்தில். மழைக்காலம் வந்தால் டிவி செய்தியில் "நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம்" என்று மழை அளவு சொல்வார்களே, அந்த வானிலை மைய வளாகத்தில்தான் அப்போது மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது.

மெட்ராஸிலிருந்து கண்டுபிடித்த சிறுகோள்கள் மொத்தம் ஐந்து. பொதுவாக எல்லோரும் எடுத்துச் சொல்வது 67 ஆசியாவைத்தான், ஏனென்றால் ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அது. முதலாவது என்பதற்கு ஒரு மவுசு இருக்கத்தான் செய்யும். ஆனால் என்னைக் கேட்டால், அறிவியல் கணக்கில் கனமானவை சில்வியாவும் அதற்குப் பிறகு வந்த காமிலாவும்தான். ஆசியாவின் விட்டம் சுமார் 60 கிலோமீட்டர். சில்வியா அதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் அகலமானது, சூரியனிலிருந்து வெகு தொலைவில் இருப்பது, இன்னும் விடை முழுதாகத் தெரியாத கேள்விகளை வைத்திருப்பது.

முதலில் ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சொந்தச் செலவில் தொடங்கியது அது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கப்பல்களுக்குத் தீர்க்கரேகை வேண்டும், நில அளவைக்குத் துல்லியமான ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். கம்பெனியின் அக்கறை அவ்வளவுதான், வானத்தின் மீது தனியாக ஒன்றும் ஆசை கிடையாது. கருவியைத் தாங்க நிறுத்திய 15 அடி உயரக் கருங்கல் தூண் இன்றும் வளாகத்தில் நிற்கிறது. ஆய்வகம் பற்றிய செய்தியைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவனும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அன்று அதைக் கட்டியவர்களின் எண்ணம்.

நார்மன் ராபர்ட் போக்சன் இங்கே அரசு வானியலாளராக வந்து சேர்ந்தது 1861இன் தொடக்கத்தில். 1829இல் நாட்டிங்காமில் பிறந்தவர். இங்கிலாந்தில் இருந்தபோதே 42 ஐசிஸ், 43 அரியாட்னி, 46 ஹெஸ்டியா என்று மூன்று சிறுகோள்களைக் கண்டுபிடித்திருந்தார். இங்கே வந்து சில வாரங்களிலேயே, ஏப்ரல் 17 அன்று, 67 ஆசியா கிடைத்தது. அதன் பிறகு 1864 மே மாதம் 80 சாஃபோ, 1866 மே 16 அன்று 87 சில்வியா, 1868 நவம்பர் 17 அன்று 107 காமிலா, நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1885 பிப்ரவரியில் 245 வேரா. இந்த மாதங்களைப் பாருங்கள்: ஐந்தில் மூன்று ஏப்ரல், மே. பகலில் கத்திரி வெயில் கொளுத்தும் மாதங்கள், ஆனால் இரவில் வானம் திறந்திருக்கும். மழைக்காலத்தில் கிடைத்த விதிவிலக்கு காமிலா மட்டும். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்த வாக்கில், அடைமழைக் காலத்தில், எப்படியோ மேகம் விலகிய ஓர் இரவில் அவருக்குக் கிடைத்திருக்கிறது.

போக்சனின் பெயரை வானியல் படிக்கிற எல்லோரும் இன்னொரு காரணத்துக்காகத் தெரிந்து வைத்திருப்பார்கள். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் படிநிலை பழங்காலத்திலிருந்தே உண்டு: மிகப் பிரகாசமானவை முதல் படி, கண்ணுக்கு மங்கலாகத் தெரிபவை ஆறாம் படி. இதற்குக் கறாரான கணக்கை 1856இல் முன்வைத்தவர் போக்சன். ஐந்து படி இறங்கினால் ஒளி 100 மடங்கு குறைய வேண்டும், அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. இன்றும் அதே கணக்குதான். சில்வியாவை அவருடைய கோலாலேயே அளந்து பார்க்கலாம். அது பூமிக்கு நெருங்கி வரும் நாட்களில் அதன் பிரகாசம் 11க்கும் 12க்கும் இடையில். அதாவது வெறும் கண்ணால் பார்க்க முடிகிற கடைசி விண்மீனைவிட 100 முதல் 250 மடங்கு மங்கல்.

அவ்வளவு மங்கலான புள்ளிகள் வானத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் விண்மீன் இல்லை என்று எப்படித் தெரியும்? வானத்தைப் படமெடுத்துச் சிறுகோள் தேடும் முறை 1891இல்தான் வந்தது, ஜெர்மனியில் மாக்ஸ் வொல்ஃப் 323 புரூசியாவைக் கண்டுபிடித்தபோது. அதற்கு முன் எல்லாம் கண்ணும் காகிதமும்தான். வானத்தின் ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுத்து, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பிறகு வேறொரு நாள் அதே துண்டைப் பார்த்து, வரைபடத்தில் இல்லாத புள்ளி இருக்கிறதா, இருந்த புள்ளி காணாமல் போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். போக்சனுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. ஒளி கூடிக் குறையும் மாறுமீன்களில் அவருக்கு ஆயுள்கால ஈடுபாடு. ஒரு மாறுமீனின் ஒளியை மதிப்பிட வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள மங்கலான மீன்களையெல்லாம் வரைந்து வைத்திருக்க வேண்டும். இப்படி வருடக்கணக்கில் சேர்ந்த வரைபடங்களில் ஒரு புதுப்புள்ளி வந்து உட்கார்ந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

சந்தேகப் புள்ளி கிடைத்த பிறகு அது நகர்கிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்போது சிறுகோள் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும், நம் பஞ்சாங்கங்கள் வக்கிரம் என்று சொல்வது அதைத்தான். அது உண்மையில் பின்னால் போவதில்லை. உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி அதை முந்திச் செல்வதால் வரும் தோற்றம். சில்வியாவின் தொலைவுக்குக் கணக்குப் போட்டால் அந்த நாட்களில் அது ஒரு நாளைக்கு முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகரும். பக்கத்தில் ஒரு விண்மீனை அடையாளமாக வைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே இடம் மாறியது தெரியும். கூடவே இன்னொரு தகவலும் கிடைக்கிறது. உள்பக்கச் சிறுகோள்கள் இதைவிட வேகமாக நகரும். மெதுவாக நகர்கிறது என்றாலே தூரத்தில் இருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

ஊகம் போதாது, பாதையைக் கணக்கிட வேண்டும். 1801இல் இத்தாலிய வானியலாளர் பியாட்சி கண்டுபிடித்த முதல் சிறுகோளான சீரஸ் சூரிய வெளிச்சத்தில் தொலைந்துபோனபோது, மூன்றே நோக்கல்களிலிருந்து ஒரு பொருளின் சுற்றுப்பாதையைக் கண்டுபிடிக்கும் வழியை ஜெர்மானியக் கணித மேதை காஸ் உருவாக்கினார். அதன் பிறகு சிறுகோள் வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கைப்பிடி. சில்வியாவுக்கு இன்று தெரிந்த கணக்கு இது: சூரியனிலிருந்து சராசரி தூரம் 3.48 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம் ஒரு அலகு), அதாவது சுமார் 52 கோடி கிலோமீட்டர். பாதை சற்றே நீள்வட்டம் என்பதால் இந்தத் தூரம் ஏறக்குறைய 47 கோடிக்கும் 57 கோடிக்கும் இடையே ஏறி இறங்குகிறது. பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தோடு சுமார் 11 பாகை சாய்வு. ஒரு சுற்று சுற்ற ஆறரை ஆண்டு. போக்சன் பார்த்த நாளிலிருந்து இதுவரை 24 சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருக்கிறது.

இந்த 3.48 என்ற எண்ணைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையின் பெரும்பகுதி 3.27 வானியல் அலகோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் ஒரு இடைவெளி. அதற்கப்பால் இருக்கும் சிறு கூட்டத்துக்கு 65 சிபெலியின் பெயரை வைத்திருக்கிறார்கள். சிபெலி 1861இல் கிடைத்தது, அடுத்த ஆண்டு 76 ஃபிரெயா வந்தது. சில்வியா அவை இரண்டையும்விடக் கொஞ்சம் வெளியே சுற்றுவது.

இடைவெளி ஏன்? 3.27இல் சுற்றும் ஒரு பொருள், வியாழன் ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் சரியாக இரண்டு சுற்று சுற்றும். அப்படியானால் இரண்டும் நெருங்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடம்தான். ஊஞ்சல் ஒரு பக்கம் வரும்போதெல்லாம் சரியான நேரத்தில் ஒரு தள்ளு கொடுத்தால் என்ன ஆகும்? தள்ளு சிறியதாக இருந்தாலும் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். அதுபோல வியாழனின் இழுவை திரும்பத் திரும்ப ஒரே திசையில் சேர்ந்து அந்தப் பாதையை நீட்டிக் கோணலாக்கிவிடுகிறது. காலப்போக்கில் அங்கே இருந்தவை வெளியேறிவிட்டன. இதைக் கவனித்துச் சொன்னவர் டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர், சொன்ன ஆண்டு 1866. அப்போது தெரிந்திருந்த சிறுகோள்கள் நூறுகூட இல்லை. அவ்வளவு சின்னப் பட்டியலிலிருந்து இடைவெளியை அடையாளம் கண்டிருக்கிறார். அதே ஆண்டில் அந்தக் கடைசி இடைவெளிக்கு அப்பாலிருந்து சில்வியாவும் வந்து பட்டியலில் சேர்ந்தது.

இனி பெயர். அந்தக் காலத்தில் சிறுகோளுக்குக் கிரேக்க, ரோமப் புராணப் பெண்களின் பெயரை வைப்பது வழக்கம், கண்டுபிடித்தவரே பெயரைச் சொல்லலாம். போக்சன் சொன்ன பெயர் சில்வியா. ரோம் நகரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையர் ரோமுலஸ், ரெமஸ். அவர்களின் தாய் ரியா சில்வியா. கன்னியாகவே இருக்க வேண்டிய கோயில் பெண் அவள். போர்க்கடவுள் மார்ஸுக்கு இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். அரசன் குழந்தைகளை ஆற்றில் விடச் சொன்னான், கரை ஒதுங்கியவர்களை ஓநாய் பால் கொடுத்துக் காப்பாற்றியது என்று கதை போகிறது.

இந்தப் பெயருக்கு ஒரு தவறான பிறப்புக் கதையும் உண்டு, பல காலம் அது அச்சிலேயே இருந்தது. 1955இல் வெளிவந்த சிறுகோள் பெயர்த் தொகுப்பு ஒன்று, பிரெஞ்சு வானியல் எழுத்தாளர் கமீல் ஃபிளமாரியோனின் முதல் மனைவி சில்வியின் நினைவாக இந்தப் பெயர் வைக்கப்பட்டது என்று எழுதிவிட்டது. துறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் நூல் அது, பிறகு கேட்க வேண்டுமா. ஆளுக்கு ஆள் அதையே எடுத்து எழுதினார்கள். ஃபிளமாரியோனும் சில்வியும் திருமணம் செய்துகொண்டது 1874இல், சிறுகோளுக்குப் பெயர் வைத்து எட்டு ஆண்டு கழித்து. அப்போதே இடறியிருக்க வேண்டும். விஷயம் தெளிவாகவே பதிவாகியிருந்தது: கண்டுபிடிப்பை அறிவித்து லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் 1866இல் வெளியான குறிப்பிலேயே, பெயர் ரியா சில்வியாவைக் குறிப்பது என்று போக்சன் சொல்லியிருக்கிறார். மூலத்தைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பெயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்ராஸில் கண்டுபிடித்த ஐந்து சிறுகோளில் ஒன்றுக்குக்கூட ஊரின் பெயர் இல்லை. ஆசியா என்ற பெயரில் கண்டம் வரை வந்தவர் அதற்கு மேல் நெருங்கி வரவில்லை. கூட வேலை பார்த்தவர்களின் பெயர்களும் இல்லை. ஆய்வகத்தின் முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர் ரெட்டிகுலை என்ற மாறுமீனைக் கண்டுபிடித்தவர், ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராக ஆனவர். 1874இல் வெள்ளி சூரியனுக்குக் குறுக்கே கடந்தபோது பொதுமக்களுக்காகப் பல இந்திய மொழிகளில் விளக்கநூல் கொண்டுவந்தவரும் அவரே. திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்காக அவர் நடத்திய வாதம் தனிக் கட்டுரைக்கு உரியது. போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் ஆய்வகத்தில் கணக்கீட்டாளராக வேலை பார்த்தார். 1886இல் தந்தையே மகளைக் கழக உறுப்பினர் பதவிக்கு முன்மொழிந்தார். பெண்களைச் சேர்க்கச் சாசனம் இடம் தரவில்லை என்று அப்போது நின்றுபோய், 1920இல்தான் உறுப்பினரானார். சில்வியாவைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஒரு ஆய்வகத்தின் தினசரி உழைப்பு ஒரு பெயரில் அடங்கிவிடுமா என்ன?

சரி, சில்வியாவுக்கு வருவோம். 1866க்குப் பிறகு நூறாண்டுக்கும் மேலாக அது பெரிய செய்தி எதுவும் தரவில்லை. ஒளி ஏறி இறங்குவதை வைத்து ஐந்து மணி பதினொரு நிமிடத்தில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்கிறது என்று கண்டார்கள். இவ்வளவு பெரிய உடலுக்கு இது நல்ல வேகம். சூரிய ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு மட்டும் திருப்பி அனுப்பும் கரிய மேற்பரப்பு. உருண்டையும் இல்லை. அண்மைக் கணக்குப்படி ஏறக்குறைய 360 கிலோமீட்டர் நீளம், 250 அகலம், 190 உயரம். அதே பருமனுள்ள உருண்டையாகக் கற்பனை செய்தால் விட்டம் 270 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

2001 பிப்ரவரியில் ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியில் மைக்கேல் பிரவுனும் ழான் லுக் மார்கோவும் சில்வியாவின் பக்கத்தில் ஒரு சிறு புள்ளியைக் கண்டார்கள். அது நிலா. மூன்று ஆண்டு கழித்து, சிலியில் உள்ள ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் 8.2 மீட்டர் தொலைநோக்கியால் அந்த நிலாவின் பாதையை அளக்கப் பல இரவுகள் படமெடுத்தார்கள் ஃபிராங்க் மார்ஷியும் பாரிஸ் ஆய்வக நண்பர்களும். படங்களை அலசியபோது உள்பக்கத்தில் இன்னொரு நிலா. தாயின் பெயர் ஏற்கனவே சில்வியா, பிள்ளைகள் இரண்டு. பெயருக்காக யாரும் தலையைச் சொறிய வேண்டிய அவசியமே இல்லாமல் வெளிநிலா ரோமுலஸ், உள்நிலா ரெமஸ் ஆனது. பிழையான அந்த ஃபிளமாரியோன் கதையை நம்பியிருந்தால் இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டிருக்காது.

போக்சனுக்கு ஏன் நிலாக்கள் தெரியவில்லை என்று கேட்கலாம். ரோமுலஸ் சில்வியாவிலிருந்து 1356 கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுகிறது. சில்வியா பூமிக்கு நெருங்கி வரும்போதுகூட, 37 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி ஒரு பாகையை 3600 பங்காக்கி அதில் முக்கால் பங்கு. காற்றின் கலக்கத்தில் விண்மீனின் பிம்பமே பெரும்பாலான இடங்களில் அதைவிட அகலமாகப் பரவிவிடும். அப்புறம் வெளிச்சம்: ரோமுலஸின் அகலம் சுமார் 18 கிலோமீட்டர், அதன் ஒளி சில்வியாவின் ஒளியில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான். ரெமஸ் அதைவிடச் சிறியது, 7 கிலோமீட்டர். கண் வைத்துப் பார்க்கும் எந்தக் கருவியாலும் இது ஆகாத காரியம். கெக்கிலும் சிலியிலும் இதை முடித்துக் கொடுத்தது, காற்றின் கலக்கத்தை அளந்து நொடிக்குப் பலநூறு முறை தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு பிம்பத்தைச் சரிசெய்யும் வளையும் ஆடி.

நிலா கிடைத்ததால் என்ன லாபம்? எடை தெரிந்துவிடுகிறது. தனியாகச் சுற்றும் சிறுகோளின் நிறையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நிலா இருந்தால் அதன் தூரமும் சுற்றும் நேரமும் போதும், கெப்லர் விதி மிச்சத்தைச் சொல்லிவிடும். பத்தாம் வகுப்புக் கணக்குதான், கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ரோமுலஸ் 1356 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 87.59 மணி. ரெமஸ் 706 கிலோமீட்டர், 33.09 மணி. தூரங்களின் விகிதம் 1.92, அதன் மும்மடி 7.09. நேரங்களின் விகிதம் 2.65, அதன் வர்க்கம் 7.01. கெப்லர் சொன்னபடி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அளவீட்டுப் பிழைக்குள் ஒன்றாகவே இருக்கின்றன. சில்வியா என்ற ஒரே பொருளின் ஈர்ப்பில்தான் இரண்டும் சுற்றுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஈர்ப்பு மாறிலியையும் சேர்த்துக் கணக்கிட்டால் சில்வியாவின் நிறை சுமார் 1.48 என்பதோடு பத்தின் 19ஆம் அடுக்கைப் பெருக்கிய கிலோகிராம்.

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. 2005இல் வந்த விடை, நீருக்கு 1 என்றால் சில்வியாவுக்கு 1.2. பிறகு வடிவத்தைத் துல்லியமாக அளந்தபோது 1.4ஐ ஒட்டி வந்தது. எப்படியானாலும் பாறைக்கு இது மிகக் குறைவு. சாதாரணக் கருங்கல்லே 2.7 இருக்கும். அதனால் 2005இல் மார்ஷி குழு சொன்னது: சில்வியா ஒரே பாறை இல்லை, ஒரு பழைய மோதலில் உடைந்த துண்டுகள் தங்கள் ஈர்ப்பிலேயே மறுபடி ஒன்றுசேர்ந்த கல்குவியல். உள்ளே நிறைய வெற்றிடம். சேராமல் வெளியே நின்றுவிட்ட சிதறல்தான் நிலாக்கள். சில்வியாவை ஒத்த பாதைகளில் சிறு சிறுகோள்களின் கூட்டம் ஒன்று சுற்றுவதும் பின்னர் தெரியவந்தது. அந்த மோதலில் தப்பிப் போன துண்டுகள் அவை.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2021இல் வெளியான ஆய்வு ஒன்று அதைக் குழப்பியது. சில்வியா இவ்வளவு நீளமான உடல் என்பதால் அதன் ஈர்ப்பும் உருண்டையின் ஈர்ப்புபோல் இருக்கக் கூடாது. உள்ளே எல்லா இடமும் ஒரே அடர்த்தி என்றால் நிலாக்களின் நீள்வட்டப் பாதைகள் மெல்ல மெல்லத் திசை திரும்ப வேண்டும். பல ஆண்டு நோக்கல்களைச் சேர்த்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த திருப்பம் இல்லை. நிலாக்கள் ஏதோ ஒரு உருண்டையைச் சுற்றுவதுபோலவே சுற்றுகின்றன. ஆக, எடையின் பெரும்பகுதி நடுவில், ஓரளவு உருண்டையாக இருக்க வேண்டும், வெளியே தெரியும் நீள வடிவம் லேசான போர்வையாக இருக்க வேண்டும். பனியும் பாறையும் கலந்து பிறந்த உடல் இளம்பருவத்தில் உள்ளே சூடாகி, பனி உருகி, பாறை அடியில் தங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கல்குவியல் என்ற படமும் இந்த அடுக்குப் படமும் எங்கே பொருந்துகின்றன, எங்கே மோதுகின்றன என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உள்ளே கரு அப்படியே இருக்க வெளியே மட்டும் மோதலில் நொறுங்கிச் சேர்ந்திருக்கும் என்றால் இரண்டுமே சரியாக இருக்கலாம், எனக்கு அதுதான் நம்பத் தகுந்ததாகத் தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் காமிலா வந்து சேர்கிறது. 1868இல் அதே நுங்கம்பாக்கத்தில் அதே போக்சன் கண்டது. சூரியனிலிருந்து 3.49 வானியல் அலகு, ஆறரை ஆண்டு, ஏறக்குறைய சில்வியாவின் பாதையேதான். விட்டம் 250 கிலோமீட்டர், தன்னைச் சுற்ற ஐந்து மணிக்கும் குறைவு, அடர்த்தி 1.3. 2001இல் ஹப்பிள் தொலைநோக்கி அதற்கு ஒரு நிலாவைக் கண்டது, 2016இல் இரண்டாவது நிலாவும் அறிவிக்கப்பட்டது. அதன் நிலாப் பாதைகளும் இதையே சொல்கின்றன: வெளிவடிவத்தை வைத்து எதிர்பார்த்ததைவிட உள்ளே எடை நடுவில் குவிந்திருக்கிறது. பெரிய உடல், நீள வடிவம், வேகமான சுழற்சி, குறைந்த அடர்த்தி, இரண்டு நிலா. இந்த ஐந்தும் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கின்றன. இந்த இரண்டும் ஒரே வானாய்வகத்தில், ஒரே ஆளின் வரைபடங்களில் சிக்கியது தற்செயல்தான். பட்டையின் வெளியோரத்தில் பெரிய உடல்கள் அதிகம் இல்லை, போக்சன் தேடியபோது இவை இரண்டும் மிச்சம் இருந்தன. உடல்கள் ஒன்றுபோல் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஓரமாகப் பட்ட மோதல் ஒன்று உடலை வேகமாகச் சுழலவிட்டு, இழுத்து நீட்டி, துண்டுகளைச் சுற்றுப்பாதையில் விட்டிருக்கும் என்றால் இத்தனையும் ஒரே மூச்சில் விளங்கும்.

இதுவரை எந்த விண்கலமும் சில்வியாவையோ காமிலாவையோ நெருங்கியதில்லை. அதனால் இப்போதைக்கு வழி இரண்டுதான். ஒன்று, பெரிய தொலைநோக்கிகளால் நிலாக்களை விடாமல் பின்தொடர்வது. மற்றது சில்வியா ஒரு விண்மீனை மறைக்கும் சில நொடிகளை எதிர்பார்த்து, நிழல் விழும் ஊர்களில் ஆளுக்கொரு தொலைநோக்கியோடு நின்று, யாருக்கு எத்தனை நொடி விண்மீன் மறைந்தது என்று குறித்து வடிவத்தைக் கணக்கிடுவது. இதில் அமெச்சூர் வானியல் ஆர்வலர்களின் பங்கு பெரிது. ஐரோப்பாவில் 2013 ஜனவரியில் அப்படி ஒரு மறைப்பு நடந்தபோது சில்வியாவின் நிழலோடு ரோமுலஸின் நிழலும் சிலருக்குக் கிடைத்தது. நிலா அன்று எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணித்து வைத்திருந்தார்கள், அது அங்கேயே இருந்தது.